நடுக்கடலில் பேச்சு எவ்வளவு தூரம் எட்டும்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து கிளம்பும் விசைப்படகுகள் செல்போன் சிக்னல் எட்டாத இடத்துக்கும் போகும். அங்கே கைகொடுப்பது விஎச்எஃப் வயர்லெஸ்.

ஏன் ஒரு தூரத்துக்கு மேல் கேட்பதில்லை? விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. கடலின் வளைவே குறுக்கே நிற்கும். வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதே பலன் தரும்.

எப்படிக் கணக்கிடுவது? இரு ஆன்டெனாக்களின் மீட்டர் உயரங்களுக்கு வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். தலா 4 மீட்டர் என்றால், படகுக்குப் படகு சுமார் 16 கி.மீ. கரையில் 25 மீட்டர் கோபுரம் இருந்தால் அதுவே 29 கி.மீ.

சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கானது. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்வரை அருகிலிருப்போர் குரல் எடுபடாது. அதனால் அதில் அரட்டை கூடாது.