பூச்சியியல் மேற்படிப்பு... உங்க டிகிரிக்கு எந்தக் கதவு?

நிலக்கோட்டை மல்லியில் மொட்டைத் துளைக்கும் புழு, மக்காச்சோளக் குருத்தைக் காலி செய்யும் படைப்புழு, தென்னை ஓலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈ... திண்டுக்கல்காரங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. 'இதையே மேல படிக்கலாமா?' என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகப் படிக்கலாம். ஆனால், அப்ளிகேஷன் போடும் முன் உங்க யு.ஜி என்னன்னு பாருங்க. கதவு மாறித் தட்டினால் ஒரு வருஷம் போயிடும்!

பி.எஸ்சி அக்ரியா?

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி (வேளாண்மை) பூச்சியியல் இருக்கிறது. வெளிமாநிலத்தில் படிக்க ஆசைப்பட்டால், ஐ.சி.ஏ.ஆர் முதுநிலை நுழைவுத்தேர்வு எழுதுங்கள்.

பி.எஸ்சி ஜுவாலஜியா?

வேளாண் பட்டம் இல்லாமல் மேலே சொன்ன படிப்பில் சேர முடியாது. அதுக்காக மனசு உடைய வேண்டாம். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கப்பட்ட ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், எம்.எஸ்சி பொது சுகாதாரப் பூச்சியியல் படிப்பை நடத்துகிறது. டெங்கு, மலேரியா, யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்கள்தான் இங்கே பாடம். இன்னொரு வழி, எம்.எஸ்சி ஜுவாலஜி முடித்துவிட்டு, சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் பிஹெச்.டி-க்கு முயற்சி செய்வது.

எந்தக் கதவாக இருந்தாலும், இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க. எந்தச் செடி, என்ன பூச்சி, எந்தத் தேதி, கூடவே ஒரு போட்டோ. 'ஏன் பூச்சியியல்?' என்று கேட்டால், மனப்பாடப் பதிலைவிட உங்க தோட்டத்துக் கதைதான் நிற்கும்!