நேர்காணலில் மதிப்பெண் எங்கே விழுகிறது?

பேரங்காடிக் குழுமங்கள் பட்டதாரிகளை நேரடியாக நிர்வாகப் பயிற்சியாளர்களாகச் சேர்ப்பதுண்டு. இடங்கள் சில, விண்ணப்பங்கள் ஏராளம். இணையவழித் திறன் தேர்வு, காணொளி நேர்காணல், குழுப் பயிற்சி, இறுதி நேர்காணல் எனப் படிப்படியாக வடிகட்டுவார்கள். "ஆள் தெரிந்தால்தான் வேலை" என்று சொல்லி விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுவோர் நம்மிடையே உண்டு. பணியாளர் தேர்வு பற்றிய ஆய்வுகள் வேறு செய்தி சொல்கின்றன.

ஒரே கேள்வி, ஒரே அளவுகோல்

எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடுவது கட்டமைக்கப்பட்ட நேர்காணல். பேச்சு போகிற போக்கில் கேட்பது மற்றொரு வகை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் பால் சாக்கெட் குழுவினர் வெளியிட்ட கணக்கில், பிற்காலப் பணித்திறனை முன்கூட்டியே கணிப்பதில் முதல் வகை 0.42 பெற்று முதலிடம் பிடித்தது. இரண்டாவது வகை பெற்றது 0.19. கணிப்பு முழுக்கச் சரியென்றால் 1. தொடர்பே இல்லையென்றால் 0.

பெரிய நிறுவனங்கள் பலவும் முதல் வகையை நாடுகின்றன. அங்கே மதிப்பெண் விழுவது நீங்கள் தரும் சான்றுக்கு. பரிந்துரைக்க யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல செய்தி.

'நாங்கள்' அல்ல, 'நான்'

"கோபமாக வந்த வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?" இதுபோன்ற கேள்விக்கு நான்கு படிகளில் விடை சொல்லலாம்: சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. மூன்றாவது படிக்கே அதிக நேரம் கொடுங்கள். அடக்கம் கருதி "நாங்கள் செய்தோம்" என்று சொன்னால், உங்கள் பங்கு எதுவென்று தெரியாமல் மதிப்பெண் இட முடியாது.

சான்றுக்கு எங்கே போவது? விடுமுறையில் கடையில் செய்த பகுதிநேர வேலை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ஆள்களைப் பிரித்து நிறுத்தியது, பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை விழாவின் வரவுசெலவு எல்லாமே சான்றுதான். இப்படி ஆறேழு நிகழ்வுகளை எண்களோடு எழுதி வையுங்கள்.

கடைக் கணக்கு

8 வெள்ளிக்கு வாங்கிய பொருளை 10 வெள்ளிக்கு விற்றால் லாபம் எத்தனை விழுக்காடு? வாங்கிய விலையில் 25. விற்ற விலையில் 20. 'லாப விகிதம்' என்று சில்லறை வணிகத்தில் பொதுவாகக் குறிப்பிடுவது பின்னதை. அதே பொருளுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் விலை 9 வெள்ளி. லாபம் 2 வெள்ளியிலிருந்து 1 வெள்ளியாகப் பாதி குறைகிறது. பழைய லாபத்தை எட்ட இருமடங்கு விற்க வேண்டும். "விற்பனையைப் பெருக்கத் தள்ளுபடி கொடுக்கலாம்" என்று குழுப் பயிற்சியில் சொல்வதற்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

விண்ணப்பித்த நிறுவனத்தின் கடைக்கு மாலை நெரிசல் வேளையில் ஒருமுறை போய்வாருங்கள். எந்த அடுக்கு காலி, எத்தனை கட்டண முகப்புகள் திறந்துள்ளன, காலாவதி நெருங்கிய பொருளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

படிப்பதைவிட நினைவுகூர்வது மேல்

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடங்கள் கழித்து முந்தினர். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு. ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. ஆகவே குறிப்பை மூடிவிட்டு, அக்காவிடமோ நண்பரிடமோ கேள்வி கேட்கச் சொல்லி வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள்.

குழுப் பயிற்சியில் உரக்கப் பேசுபவர்தான் வெல்வார் என்பதில்லை. நேரத்தைக் கவனிப்பவரையும், பேசாமல் இருப்பவரிடம் கருத்துக் கேட்பவரையும் மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்வார்.

நெஞ்சு படபடத்தால்? "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சில் சிறப்பாகச் செய்ததை அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டினார்.

இத்தனைக்குப் பிறகும் இடம் கிடைக்காமல் போகலாம். மிகச் சிறந்த முறையே 0.42தான், கணிப்பில் தவறு நேர நிறைய இடமுண்டு. ஒரு நிறுவனம் வேண்டாம் என்றதை உங்கள் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதி வைத்த அந்த ஆறேழு நிகழ்வுகள் அடுத்த நேர்காணலுக்கும் உதவும்.