நாய் துள்ளினால் நில்லுங்கள். கடித்தால் குழாயடிக்கு ஓடுங்கள்

விடியற்காலையில் வேலைக்கு இறங்கும் தொழிலாளிக்கு முதல் வரவேற்பு கொடுப்பது பெரும்பாலும் நாய்தான். தலையில் விளக்கு, தோளில் பை, காலில் ரப்பர் பூட்ஸ். முகமே தெரியாத இந்த உருவத்தைப் பார்த்துக் குரைக்காமல் அது வேறு என்ன செய்யும்?

நம் ஸ்கூடாய் வட்டாரத்தில் பழைய தோட்டங்கள் பல தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போகும் குடும்பம் நாயைக் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம். ஆள் போய்விடுவார், நாய் நிற்கும். மிச்சமிருக்கும் செம்பனைக் காட்டிலும் சாலையோரத்திலும் கூட்டமாகத் திரிபவற்றில் இவையும் உண்டு. ஆகவே நாய் வளர்க்காதவர்களும் இதைக் கொஞ்சம் படித்து வைப்பது நல்லது.

துள்ளுகிற நாயெல்லாம் கடிக்கிற நாய் அல்ல. ஆனால் துள்ளுகிற நாயைக் கடிக்க வைப்பது பல நேரங்களில் நம்முடைய கை, கால், வாய் இந்த மூன்றும்தான். நாம் கத்தினால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். ஓடினால் துரத்தும், அது அதன் பிறவிக் குணம். கையை ஓங்கினால் அடி விழப்போகிறது என்று முந்திக்கொள்ளும்.

அதனால் தெரியாத நாய் பாய்ந்து வந்தால் முதலில் நில்லுங்கள். மரம் மாதிரி நில்லுங்கள். கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள். அதன் கண்ணுக்குள் முறைத்துப் பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். அது வந்து மோந்து பார்க்கும், பார்க்கட்டும். சுவாரசியம் குறைந்து விலகியதும், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். சைக்கிளில் போகிறவர்கள் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தள்ளிவிட்டால் சுருண்டு குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே சொல்லிக் கொடுங்கள். "மரம்!" என்றால் நிற்கணும், "கல்லு!" என்றால் சுருண்டு படுக்கணும். சின்னப் பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால், அவர்களுக்குக் கடி முகத்திலும் கழுத்திலும் விழும் ஆபத்து அதிகம்.

"வாலை ஆட்டுதே, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வோம். அது எப்போதும் சரியல்ல. உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் கம்பி போல் நிமிர்ந்து வேகமாகத் துடித்தால் கிட்டே போகாதீர்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும், மூக்கை நக்கிக்கொள்வதும், கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பதும் "என்னை விடு" என்று அது சொல்லும் பாஷை. தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் வீட்டு நாயைக்கூடத் தொடக்கூடாது.

இனி நம் சொந்த நாய்க்கு வருவோம். வேலை முடிந்து வந்தால் மேலே தாவும், சட்டையைப் பிடிக்கும், வந்த விருந்தாளியைச் சுற்றிச் சுற்றிக் குரைக்கும். நாம் "சீ! போ! கீழே இறங்கு!" என்று கத்தித் தள்ளுவோம். அதற்கு அதுவே ஒரு விளையாட்டு. பேசாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டபிறகுதான் மெல்லிய குரலில் பேச்சு, தடவல், சோறு எல்லாம். அப்பா திருப்பிக்கொள்ள, அண்ணன் மட்டும் தூக்கிக் கொஞ்சினால் அது என்றைக்கும் படியாது. வீட்டிலுள்ள எல்லாரும் ஒன்றுபோல் நடந்தால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். விருந்தாளி வரும் நேரம் ஒரு பிடி தீனியைப் புல்லில் சிதற விடுங்கள். தலையைக் குனிந்து மோப்பம் பிடித்துத் தேடும்போதே நாயின் படபடப்பு இறங்கும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை முதல் இரவு வரை நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, "ரொம்பக் கோபக்கார நாய்" என்று பெருமை பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஓட இடமில்லாத பிராணி கோபப்படாமல் என்ன செய்யும்? காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க விட்டால் பாதிக் குரைப்பு குறையும்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நடுவெயிலில் துள்ளிய நாய் எச்சில் ஒழுகத் தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது என்று பொருள். நிழலில் கிடத்தி, வயிற்றிலும் கால்களிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். தானாகக் குடித்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். பிறகு மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். கண்ணியில் கால் மாட்டிய நாயும் வாகனத்தில் அடிபட்ட நாயும் வலி தாங்காமல் வளர்த்தவரையே கடிக்கும். ஆகவே வெறுங்கையை அதன் வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். தடிமனான துணியைப் போர்த்தித் தூக்குங்கள். இரண்டு நாய்கள் சண்டை போட்டால் நடுவில் கையை விடாமல் ஒரு வாளித் தண்ணீரை வீசுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கடித்துவிட்டால்? மந்திரிக்க ஆள் தேட வேண்டாம், குழாயடிக்கு ஓடுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் முழுசாகக் கழுவ வேண்டும். மணியைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் வலியில் இரண்டு நிமிடமே பதினைந்து போல் தோன்றும். வெறிநோய்க் கிருமியின் மேல் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அதைக் குலைத்துவிடும். துணி சோப்பானாலும் சரிதான். காட்டுக்குப் போகிறவர்கள் பையில் ஒரு துண்டு சோப்பு வைத்துக்கொள்ளலாம். ரத்தம் பீறிட்டால் மட்டும் முதலில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதுவும் காயத்தில் படக்கூடாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இசிவு நோய் ஊசி வேண்டுமா, வெறிநாய்த் தடுப்பூசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். இனிப்புநீர் உள்ளவர்கள் சின்னக் கடி என்று விட்டுவிடாதீர்கள். காலில் பட்ட காயம் அவர்களுக்குச் சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

"வெறிநாய் நோயெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். 2015க்கு முன் நம் நாடு அந்த நோய் இல்லாத நாடு என்றுதான் பெயரெடுத்திருந்தது. அந்த ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கில் தலைகாட்டியது. 2017ல் சரவாக்கில் பரவத் தொடங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது. கடித்துப் பல வாரம், பல மாதம் கழித்தும் நோய் வெளிப்படும். வெளிப்பட்டபின் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். வேர் கட்டி, மந்திரித்துப் பிழைத்தவர்கள் கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அவர்களைக் கடித்த நாய்க்கு நோய் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தைப் பற்றி ஊரிலிருந்து வந்த நம் பாட்டன்மார் சொன்னதெல்லாம் அந்தக் காலத்து ஊசிதான். இன்றைய மருந்து வேறு. மேல்கையில் சில தவணைகள் போடுவார்கள். அட்டையில் எழுதிய தேதி ஒன்றையும் தவறவிடக்கூடாது. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். பத்து நாள் அதைக் கவனிப்பது டாக்டருக்குத் தகவல். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசிக்காகக் காத்திருக்கலாம் என்று அர்த்தமல்ல.

வேலை நேரத்திலோ, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ கடித்தால் அதுவும் விபத்துதான். மண்டோரிடம் அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள், மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கடித்த நாளையும் சேர்த்து நாலு நாள் அல்லது அதற்கு மேல் டாக்டர் லீவு கொடுத்தால் சொக்சோவில் தற்காலிக முடத்துக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசியத் தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.