தலைக்கு மேல் ஆயிரம் அடி

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் 35,000 அடியில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வழித்தடத்தில் எதிரே ஒன்று 36,000 அடியில் வருகிறது. ஒவ்வொன்றும் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகம். நொடிக்கு 500 மீட்டர் என்று நெருங்கி வந்து கடக்கும்போது இரண்டுக்கும் நடுவே இருப்பது ஆயிரம் அடி, அதாவது 300 மீட்டர் சொச்சம்தான்.

"இது போதுமாண்ணே?" என்று டீக்கடையில் கேட்டான் துபாயில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன். ஜன்னலோர இருக்கையிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறான். போதும் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் 2003 நவம்பர் 26 வரை நம் ஊர் வானத்தில் அந்த உயரங்களில் இந்த இடைவெளி 2000 அடியாக இருந்தது, மறுநாள் அதைப் பாதியாக்கினார்கள் என்று வாய்விட்டுவிட்டேன். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். இனி முழுதாகச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் ஒரு சங்கதி. விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். எவ்வளவு குறைந்தால் எத்தனை அடி என்று ஒரு சர்வதேசக் கணக்கு இருக்கிறது. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் எல்லா நாட்டு விமானிகளும் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே எண்ணில் வைத்துவிடுவார்கள். அதன்பின் அது 35,000 என்று காட்டினால், அதற்குரிய அழுத்தம் உள்ள காற்றில் விமானம் இருக்கிறது என்றுதான் பொருள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 36,000 அடிக்கும் மேலே இருக்கலாம்.

"அப்போ ஜிபிஎஸ் வெச்சுப் பாத்தா சரியாப் போச்சே?" என்றான். நல்ல கேள்விதான், ஆனால் வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டு விமானங்களுக்கு நடுவே உள்ள தூரம். தரையிலிருந்து எவ்வளவு என்பது அந்த உயரத்தில் யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. காற்று சூடாகி அழுத்தப் படலங்கள் மேலே எழும்பினால் எல்லா விமானங்களும் சேர்ந்து எழும்பும். இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஒருவர் அழுத்தத்தை நம்பி, இன்னொருவர் ஜிபிஎஸ்ஸை நம்பிப் பறந்தால்தான் ஆபத்து.

சரி, பழைய 2000 அடி எங்கிருந்து வந்தது? தரையருகே அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய ஏறத்தாழ 27 அடி ஏறினால் போதும். 29,000 அடியில் அதே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 70 அடி ஏறவேண்டும். 41,000 அடியில் 115 அடிக்கும் மேல். காற்று அவ்வளவு மெலிந்துவிடுகிறது. ஆகவே கருவியில் அதே சின்னப் பிழை, மேலே போனால் நான்கு மடங்கு பெரிய உயரப் பிழையாக மாறும். 1950களின் கடைசியில் ஜெட் விமானங்கள் வந்தபோது இதைக் கண்டு, 29,000 அடி வரை ஆயிரம், அதற்கு மேல் இரண்டாயிரம் என்று கோடு போட்டார்கள். அன்றைய கருவிகளுக்கு அது நியாயமான பயம்தான்.

அந்தப் பயத்துக்கு விலை இருந்தது. 29,000 முதல் 41,000 வரைதான் ஜெட் எஞ்சின் சிக்கனமாக ஓடும் அடுக்குகள். அங்கே ஏழு தளங்கள்தான் கிடைத்தன: கிழக்கே போக நான்கு, மேற்கே போக மூன்று. எரிபொருள் தீரத் தீர விமானம் லேசாகும். லேசானால் இன்னும் மேலே போவது லாபம். ஆனால் ஒரே திசைக்கான அடுத்த தளம் 4000 அடி தள்ளி இருந்தது. அவ்வளவு உயரம் தாவ விமானம் தயாராவதற்குள் மணிக்கணக்கில் கீழேயே கிடந்து எண்ணெயை எரிக்கவேண்டும். வட அட்லாண்டிக்கில் இது இன்னும் மோசம். எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போகும், எல்லோருக்கும் அதே உயரம்தான் வேண்டும், நடுக்கடலில் ரேடாரும் கிடையாது.

இடைவெளியைப் பாதியாக்கினால் ஏழு தளம் பதின்மூன்றாகும். 1982-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் குழு ஒன்று இதற்கான ஆய்வைத் தொடங்கியது. முடிக்க 1988 ஆயிற்று. கருவிகள் நல்லவையா என்று மட்டும் கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அதுதான்.

விமானத்தின் பக்கவாட்டுத் தகட்டில், முன்புறமாக, சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வழுக்கிக்கொண்டு ஓடும் இடம் அது. துளைக்கு அருகே தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெளிவு, சின்ன ஒடுக்கு, தடிப்பாகப் பூசிய பெயின்ட், எது இருந்தாலும் காற்றோட்டம் கொஞ்சம் மாறும். உயரமானி பல பத்து அடிகள் பொய் சொல்லும். அதனால்தான் அந்தத் துளைகளைச் சுற்றிக் கட்டம் போட்டு, இந்த இடம் வழவழப்பாகவும் சுத்தமாகவும் இருக்கவேண்டும் என்று எழுதிவைக்கிறார்கள். அடுத்த முறை ஏறும்போது கதவுக்கு முன்னால் எட்டிப் பாருங்கள்.

இந்தப் பொய் யாருக்குத் தெரியும்? விமானிக்குத் தெரியாது, அவர் அந்த உயரமானியைத்தான் பார்க்கிறார். ஆட்டோபைலட்டுக்குத் தெரியாது, அது அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. ரேடார் திரையைப் பார்க்கும் கன்ட்ரோலருக்காவது தெரியுமா என்றால், அவர் திரையில் வரும் உயரமும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் அனுப்பியதுதான். அது அதே துளையிலிருந்து வந்த எண். மளிகைக் கடைத் தராசு 50 கிராம் கூடக் காட்டுகிறது, பில்லும் அதே தராசிலிருந்தே அச்சாகிறது என்றால், இரண்டையும் ஒப்பிட்டு என்ன கண்டுபிடிக்கமுடியும்? முத்திரை ஆய்வாளர் தன் எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு.

இது வெறும் தர்க்கம் இல்லை. 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லிமாவிலிருந்து ஏரோபெரு 603 கிளம்பியது. விமானத்தைக் கழுவும்போது அந்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். இரவு, கீழே கடல், கருவிகள் கன்னாபின்னாவென்று காட்டுகின்றன. விமானிகள் கன்ட்ரோலரிடம் உயரம் கேட்டார்கள். அவர் திரையைப் பார்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் அடி என்றார். அவர் மேல் தப்பில்லை. திரையில் அப்படித்தான் இருந்தது. விமானம் தண்ணீரில் மோதி 70 பேரும் இறந்தார்கள்.

ஆகவே இடைவெளியைக் குறைக்குமுன் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, விமானத்துக்குக் கறாரான விதி. தனித்தனியாக இயங்கும் இரண்டு உயரமானி அமைப்புகள், உயரத்தை 65 அடிக்குள் பிடித்து வைக்கும் ஆட்டோபைலட், உயரம் பிசகினால் கூவும் எச்சரிக்கை, உயரத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர். ஒரே வகை விமானங்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் சராசரிப் பிழை 80 அடியைத் தாண்டக்கூடாது. தனி விமானத்தின் கோணங்கித்தனத்தையும் சேர்த்தால் 245 அடிக்குள் அடங்கவேண்டும். பறக்கும்போது மணிக்கொரு தடவை விமானிகள் இரண்டு உயரமானிகளையும் ஒப்பிடுவார்கள். 200 அடிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

இரண்டாவதுதான் அந்த எடைக்கல். தரையில் ஐந்து ரிசீவர்களைத் தள்ளித் தள்ளி வைத்து, மேலே போகும் விமானத்தின் சிக்னல் ஒவ்வொன்றுக்கும் எந்த நொடித்துளியில் வந்து சேர்கிறது என்று பார்த்து, விமானத்தின் நிஜமான உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த நேரத்தில் அந்த அழுத்தப் படலம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை வானிலைத் தரவிலிருந்து எடுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உயரமானியின் பொய். ஐரோப்பாவில் ஆஸ்திரியாவின் லின்ஸ், ஜெர்மனியின் நாட்டன்ஹைம், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் அமைத்தார்கள். மேலே போகும் விமானிக்குத் தான் எடை போடப்படுவதே தெரியாது. இப்போது விமானங்கள் தாமே ஒலிபரப்பும் ஜிபிஎஸ் உயரத்தை வைத்தும் இதைச் செய்கிறார்கள். தம்பி கேட்ட ஜிபிஎஸ்ஸுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

கருவிப் பிழையால் வரும் மோதலுக்கு எவ்வளவு அபாயம் சம்மதம் என்றும் ஓர் எண் வைத்தார்கள்: 40 கோடிப் பறப்பு மணிக்கு ஓர் உயிரிழப்பு விபத்துக்கு மிஞ்சக்கூடாது. மனிதத் தவறுகளையும் சேர்த்தால் 20 கோடி மணிக்கு ஒன்று.

அதன்பின் கதவு திறந்தது. 1997 மார்ச் 27, வட அட்லாண்டிக். அதுவும் முதலில் 33,000 முதல் 37,000 அடி வரை மட்டும். 2002 ஜனவரியில் ஐரோப்பா, 2003 நவம்பர் 27 அன்று நாம், 2005 ஜனவரியில் அமெரிக்கா, 2008-ல் ஆப்பிரிக்கா, 2011-ல் ரஷ்யா. சீனா 2007-ல் சேர்ந்தது, ஆனால் மீட்டர் கணக்கில். 300 மீட்டர் என்பது 984 அடிதான் என்பதால் அங்கே எல்லாத் தளங்களும் ஏறுக்குமாறாக நிற்கும்; எல்லை தாண்டும் விமானிகள் அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்வார்கள். மாற்றும் நாளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய முறையில் 31, 35, 39 ஆயிரம் அடிகள் மேற்கே போகிறவர்களுக்கு. புதிய முறையில் அவை கிழக்கே போகிறவர்களுக்கு. குறித்த நிமிடத்தில் மூன்று தளங்கள் திசை திரும்பியாகவேண்டும். அந்த ராத்திரி கன்ட்ரோலர் நாற்காலியில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பரிதாபம்தான்.

"அப்போ பிரச்சினை தீர்ந்துதுன்னு சொல்லுங்க" என்றான். கருவிப் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது. அதனாலேயே வேறு இரண்டு முளைத்தன.

ஒன்று, பின்னோட்டச் சுழல். பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் காற்றுச் சுழல் மெல்லக் கீழே இறங்கும். ஆயிரம் அடி இறங்கினால் அடுத்த தளத்தில் இன்னொருவர் இருக்கிறார். 2017 ஜனவரி 7 அன்று மாலேயிலிருந்து பெர்லினுக்குப் போன சேலஞ்சர் 604 என்ற சிறிய ஜெட், அரபிக் கடலுக்கு மேலே 34,000 அடியில் இருந்தது. எதிரே, துபாயிலிருந்து சிட்னி போகும் ஏ380 சரியாக ஆயிரம் அடி மேலே கடந்தது. விதிப்படி எல்லாம் சுத்தம். ஒரு நிமிடத்துக்குள் சிறிய ஜெட் சுழலில் மாட்டி உருண்டு, ஏறத்தாழ 9000 அடி விழுந்து, விமானிகள் எப்படியோ பிடித்து நிறுத்தி மஸ்கட்டில் இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் காயம். அந்த விமானம் அதன்பின் பறக்கவே லாயக்கில்லாமல் போயிற்று.

மற்றது இன்னும் சங்கடமானது. பழைய காலத்தில் உயரமானி ஐம்பது அடி பிசகும், விமானம் வழித்தடத்திலிருந்து ஒரு மைல் விலகும். இரண்டு விமானங்கள் தவறுதலாக ஒரே உயரத்தில் வந்தாலும் பெரும்பாலும் ஒன்றையொன்று தவறவிட்டுவிடும். இப்போது எல்லாம் துல்லியம். 2006 செப்டம்பர் 29, பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேலே, கோல் நிறுவனத்தின் போயிங் 737-ம் லெகஸி என்ற சிறு ஜெட்டும் எதிரெதிரே, இரண்டும் கச்சிதமாக 37,000 அடியில், கச்சிதமாக ஒரே தடத்தின் நடுவில். பறப்புத் திட்டப்படி லெகஸி அந்த இடத்தில் 38,000-த்தில் இருந்திருக்கவேண்டும். அதன் டிரான்ஸ்பாண்டரும் சிக்னல் அனுப்பவில்லை. ஆகவே மோதல் எச்சரிக்கைக் கருவி வாய் திறக்கவில்லை. லெகஸியின் இறக்கை நுனி போயிங்கின் இறக்கையை அறுத்தது. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகஸி ஒரு ராணுவத் தளத்தில் பத்திரமாக இறங்கியது.

நம் வான்பகுதியில் உயர இடைவெளியைக் கண்காணிக்கும் அமைப்பு பாங்காக்கில் இருக்கிறது. கிடைமட்ட இடைவெளிக்கு, வங்காள விரிகுடா, அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் மூன்றுக்குமான போபாஸ்மா என்ற கண்காணிப்பு அமைப்பு நம் சென்னையில்தான். 300 அடியோ அதற்கு மேலோ உயரம் பிசகினால் பாங்காக்குக்கு அறிக்கை போகவேண்டும். அந்த அறிக்கைகளில் பெரும்பங்கு உயரமானியைப் பற்றியதே அல்ல. ஒரு நாட்டின் கன்ட்ரோலர் அடுத்த நாட்டுக்காரரிடம் விமானத்தை ஒப்படைக்கும்போது உயரத்தைச் சொல்ல விட்டுப்போவது, மாற்றிச் சொல்வது, தப்பாகக் குறித்துக்கொள்வது, இப்படி வாய்வார்த்தைப் பிசகுகள். அதனால் இப்போது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தகவல் அனுப்பும் முறையைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள்.

துல்லியத்துக்கு மருந்தாக ஓர் ஏற்பாடும் உண்டு. கடல் மேல் போகும்போது விமானி தடத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மைலோ இரண்டு மைலோ வேண்டுமென்றே விலகிப் பறக்கலாம். அதற்கு அனுமதிக்கப்பட்ட இடங்களில் கன்ட்ரோலரைக் கேட்கவும் வேண்டாம். விலகுவது வலப்பக்கம் மட்டும்தான். எதிரே வருகிறவரும் தன் வலப்பக்கமே ஒதுங்கினால் இரண்டு விலகலும் கூடும். இஷ்டம்போல இடமும் வலமும் போக விட்டால் இருவரும் ஒரே பக்கம் வந்து நிற்பார்கள்.