வேலைக்கு ஆள் தேவை

“வேலைக்கு ஆள் தேவை” என்ற விளம்பரத்தைக் கண்டால் நமது மத்தியதர வகுப்புக் குடும்பங்களில் உண்டாகும் பரபரப்பு சொல்லி முடியாது. மனுச் செய்கிறவர் ஒருவர்தான். பதிலுக்குக் காத்திருப்பதோ வீடு முழுவதும். வேலை தேடுவோரின் கஷ்டங்களைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். ஆனால் ஆளைப் பொறுக்கி எடுக்கும் முதலாளிகள் எந்த முறையில் பொறுக்குகிறார்கள் என்பதை விசாரிப்பதில்லை. விசாரித்தால் ஆச்சரியமும் சற்று வருத்தமும் அடைய வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் நமது தேசத்தையே ஒரு வியாபாரக் கம்பெனி ஆண்டு வந்ததல்லவா? அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் எடுத்த முறை வெகு சுலபமானது. லண்டனிலிருந்த டைரக்டர்கள் தங்கள் பந்துக்களின் பிள்ளைகளையும் சிநேகிதர்களின் பிள்ளைகளையும் நியமித்து அனுப்பினார்கள். ஜில்லாக்களை ஆளும் உத்தியோகம் சிபாரிசின் பலத்தால் கிடைத்தது. 1853-ஆம் வருஷத்துச் சட்டம் இந்த உரிமையை டைரக்டர்களிடமிருந்து பறித்தது. 1855-இல் முதல் போட்டிப் பரீட்சை நடந்தது.

சிபாரிசு ஒழிந்தது, நியாயம் பிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பரீட்சை எல்லோருக்கும் பொது. ஆனால் அது நடந்த இடம் லண்டன். கப்பற்கூலி கொடுக்க வசதியும், கடல் கடக்கத் துணிவும் இல்லாதவனுக்கு அந்தப் பொதுவுரிமையால் என்ன பயன்? 1863-இல் சத்யேந்திரநாத தாகூர் அதில் தேர்ச்சி பெற்ற முதல் இந்தியரானார். பிற்பாடு வயது வரம்பை இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகக் குறைக்கத் தீர்மானித்தார்கள். இதைக் கண்டித்து 1877-இல் ஸுரேந்திரநாத பானர்ஜி தேசமெங்கும் சுற்றுப்பிரயாணம் செய்தார். இந்திய மண்ணில் அப்பரீட்சை நடக்க 1922 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வருஷந்தான் அலகாபாத்தில் நடந்தது. பரீட்சை நேர்மையாயிருந்தால் மட்டும் போதாது, பரீட்சை மண்டபத்தின் வாயிலும் திறந்திருக்க வேண்டும் என்பதே இந்தச் சரித்திரம் கற்பிக்கும் பாடம்.

இன்று அந்த வாயில் திறந்திருக்கிறதா? ஸுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றைக் கவனிப்போம். பத்திரிகைகளில் தனியார் கம்பெனிகள் செய்திருந்த 548 விளம்பரங்களுக்கு 4,808 மனுக்களை அவர்கள் அனுப்பினார்கள். படிப்பும் யோக்கியதையும் சமம். மனுதாரரின் பெயர் மாத்திரம் வேறு. உயர்ஜாதி ஹிந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு! ஆளின் முகத்தைக் கூட எவரும் பார்க்கவில்லை. பெயரைப் படித்ததுமே தீர்ப்பு முடிந்துவிட்டது.

மனிதருக்குத்தானே பட்சபாதம், யந்திரத்திடம் வேலையை ஒப்புவிக்கலாமே என்று சிலர் சொல்லலாம். அமேஸான் என்னும் அமெரிக்கக் கம்பெனி அதையும் செய்து பார்த்தது. பத்து வருஷ காலம் வந்திருந்த மனுக்களைக் காட்டி, நல்ல ஆளை இனம் காண ஒரு கம்ப்யூட்டர் அமைப்பைப் பழக்கினார்கள். அம்மனுக்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே, ‘பெண்கள்’ என்ற சொல் மனுவில் தென்பட்டாலே அது மதிப்பைக் குறைக்கத் தொடங்கியது! கம்பெனி அந்த முயற்சியைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. குருவின் குற்றம் சிஷ்யனுக்கும் வரத்தானே செய்யும்?

அப்படியானால் நல்ல முறைதான் எது? பல ஆபீஸுகளில் பேட்டி என்பது பெண் பார்க்கும் வைபவத்தைப் போலவே நடைபெறுகிறது. ஊர் எது, தகப்பனார் யார், பொழுதுபோக்கு என்ன என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, “பார்த்தவுடன் தெரிந்துவிட்டது” என்கிறார் மானேஜர். 1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்னும் இரு அறிஞர்கள் எண்பத்தைந்து வருஷத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து, இப்படிப்பட்ட மனம்போன பேச்சைவிட, ஒழுங்கு செய்யப்பட்ட பேட்டி மேல் என்று காட்டினார்கள். 2022-இல் வேறு அறிஞர்கள் கணக்கை மறுபடியும் பரிசீலித்தபோது, அந்த ஒழுங்கான பேட்டியே முதலிடம் பெற்றது. எல்லோரிடமும் ஒரே கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்கூட்டியே வகுத்த அளவின்படி மதிப்பெண்: இவ்வளவுதான் அந்த ஒழுங்கு. இத்துடன், கணக்கெழுத வருகிறவரைக் கணக்கு எழுதச் சொல்லிப் பார்க்கலாம். தச்சரிடம் மரத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். கையெழுத்தைப் பார்த்துக் குணம் கணிப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லையென்றும் ஆராய்ச்சி சொல்லுகிறது.

“தெரிந்தவர் அனுப்பிய பிள்ளையென்றால் நம்பிக்கையாக இருக்குமே!” என்று முதலாளிமார் சொல்வதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், தெரிந்தவர்களுக்குள்ளேயே தேடுகிறவர் கண்ணில் தெரியாத திறமை எப்படிப் படும்? நமது அரசியல் சாஸனத்தின் 16-ஆவது விதி ஸர்க்கார் உத்தியோகங்களில் சம சந்தர்ப்பத்தை உறுதி செய்கிறது. தனியார் ஆபீஸின் வாயிற்படியை அது எட்டுவதில்லை. அங்கே நியாயத்தைக் காக்க வேண்டியது முதலாளியின் மனச்சாட்சியே.

சிபாரிசு செய்ய ஆளில்லாத வீட்டிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். கிராமத்துப் பள்ளியில் படித்து, இரவில் கண் விழித்துப் பட்டம் பெறுகிறார்கள். அவர்கள் யாரிடமும் தயவு கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்வியைத் தங்களிடமும் கேட்க வேண்டும் என்கிறார்கள். அந்நிய ஆட்சியிடம் நமது தேசம் கேட்டதும் இதுதான். அன்று நாம் கேட்ட நியாயத்தை இன்று நம்முடைய கம்பெனிகள் நம்முடைய பிள்ளைகளுக்கு மறுக்கலாமா?