டென்ட்டுக்குள் ஹீட்டர், ரைஸ் குக்கர்... பிரிட்டன் கேம்ப்சைட்டில் பாதுகாப்பாக கரன்ட் எடுப்பது எப்படி?

பிரிட்டனில் கேம்ப்சைட் புக் பண்ணும்போது 'எலெக்ட்ரிக் ஹூக்-அப்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். ஒரு இரவுக்குச் சில பவுண்டுகள் கூடுதலாகக் கொடுத்தால், டென்ட் போடும் இடத்துக்கே கரன்ட் கிடைக்கும். அங்கே படிக்க, வேலை பார்க்கப் போன நம்மவர்களுக்கு உடனே ரைஸ் குக்கர் ஞாபகம் வந்துவிடும். ஆனால், வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வேலைக்கு ஆகாது.

ஹூக்-அப் என்பது புல்வெளி ஓரம் நிற்கும் ஒரு சின்ன கம்பம். அதில் மூன்று பின் கொண்ட நீல நிற வட்ட சாக்கெட் இருக்கும். இது முதலில் கேரவன்களுக்காக வந்த ஏற்பாடு. கேரவனுக்குள் வீடு மாதிரியே சர்க்யூட் பிரேக்கர் எல்லாம் இருக்கும். டென்ட்டில் அது எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்யத்தான் 'மொபைல் மெயின்ஸ் யூனிட்' என்ற பெட்டியைத் தனியாக விற்கிறார்கள். இரண்டு மூன்று பிளக் பாயின்ட், ஒரு எம்சிபி, ஒரு ஆர்சிடி. அவ்வளவுதான் அதன் உள்ளே.

உயிர் காப்பது எது?

ஆர்சிடி என்பது நம்ம ஊர் எலக்ட்ரீஷியன்கள் ஆர்சிசிபி என்று சொல்லும் அதே சமாச்சாரம்தான். எம்சிபி அதிக லோடு போனால் மட்டுமே விழும். 10 ஆம்பியர் எம்சிபிக்கு, உங்கள் உடம்பு வழியாக கரன்ட் மண்ணுக்குப் போவது தெரியவே தெரியாது. ஏனென்றால் ஆளைக் கொல்ல அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஆர்சிடி பார்ப்பது வேறு கணக்கு: போன கரன்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிடும். மழையில் நனைந்த புல்லில் வெறுங்காலோடு நிற்பவருக்கு இதுதான் பாதுகாப்பு. கம்பத்திலும் ஆர்சிடி இருக்கும். இருந்தாலும் உங்கள் பெட்டியில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அந்தப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

வயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில், 25 மீட்டர் நீளத்தில், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இதற்கென்றே கேபிள் கிடைக்கும். அதை முழுசாகப் பிரித்துவிட வேண்டும். சுருட்டி வைத்தபடியே ஹீட்டர் போட்டால், சுருளின் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகிவிடும். மிச்சம் இருப்பதைத் தரையில் தளர்வாகப் பரப்பி விடுங்கள். கார் டயர் ஏறும் பாதையில் வேண்டாம்.

இணைக்கும்போது முதலில் டென்ட் பக்கம், கடைசியில் கம்பம். கழற்றும்போது முதலில் கம்பம். மாற்றிச் செய்தால், கரன்ட் ஓடும் கேபிளின் முனை உங்கள் கையில் இருக்கும்.

எவ்வளவு லோடு தாங்கும்?

பிரிட்டனில் பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். அங்கே வீடுகளில் இருக்கும் கெட்டில் ஒன்றே 3,000 வாட் வரை இழுக்கும்! 500 வாட் ரைஸ் குக்கர், 750 வாட் சின்ன ஹீட்டர், போன் சார்ஜர் எல்லாம் சேர்த்தாலும் பிரச்னை இல்லை. கூடவே 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். சில இடங்களில் கம்பத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள், கேம்ப்சைட் ஊழியர் வந்துதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும். பிரான்ஸ் பக்கம் போனால் 6 ஆம்பியர் இடங்களும் உண்டு. அங்கே மொத்தமே 1,380 வாட்தான்.

ஹீட்டர் வாங்கினால், சாய்ந்தால் தானாக அணையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். டென்ட் துணியிலிருந்து தள்ளி வையுங்கள், தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

ராத்திரி கரன்ட் போய்விட்டால் குளிருக்காக பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவருவது கரன்ட்டைவிட ஆபத்து. அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது.