பண்ணையில் 88 நாள்: ஆஸ்திரேலிய விசாவின் இரண்டாம் ஆண்டு

ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கி, ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்ப்பதற்கான விசாவுக்கு 2024 அக்டோபர் முதல் இந்தியர்களும் பெயர் கொடுக்கலாம். ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ என்பது அதன் பெயர், 462 என்பது எண். ஆண்டுக்கு 1,000 பேருக்குத்தான் இடம். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிப் பதிவுசெய்கிறார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்க முடியும். பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம், கையிருப்பாக 5,000 டாலர் ஆகியவையும் கேட்கப்படுகின்றன.

பலருக்குத் தெரியாத செய்தி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஓராண்டு முடிந்ததும் இன்னும் ஓராண்டு தங்க விரும்புகிறவர் மறுபடி குலுக்கலுக்குப் போக வேண்டாம். முதல் விசாவில் இருக்கும்போதே, பண்ணை வேலை போன்ற, அரசு வரையறுத்த வேலை ஒன்றை, வரையறுத்த பகுதியில், மூன்று மாதம் செய்திருந்தால் போதும். இரண்டாம் ஆண்டில் அப்படி ஆறு மாதம் வேலை செய்தால் மூன்றாவது விசாவும் கேட்கலாம். மூன்று மாதத்தை 88 நாளாகவும் ஆறு மாதத்தை 179 நாளாகவும் குடியேற்றத் துறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் 31 வயது நிறையாமல் இருக்க வேண்டும்.

ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கும் இந்த வகை விசா முறை 1975இல் தொடங்கியபோது பண்ணை நிபந்தனை எதுவும் கிடையாது. நகரங்களிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் தோட்டங்களில் பழுத்ததைப் பறிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடிய நிலையில்தான், 2005 நவம்பரில் ‘மூன்று மாதம் உழைத்தால் இன்னும் ஓராண்டு’ என்ற ஏற்பாடு வந்தது. அது பெரும்பாலும் ஐரோப்பிய நாட்டவர்களும் ஜப்பான், கொரியா, தைவான்காரர்களும் பெறும், 417 என்ற எண்ணுள்ள இன்னொரு விசாவுக்கானது. 462 விசாக்காரர்களுக்கு 2016இல் நீட்டிக்கப்பட்டது. மூன்றாம் ஆண்டு 2019இல் சேர்ந்தது.

வேலை பருவத்தோடு ஊர் மாறும். வடக்கே காத்தரினிலும் குனுனராவிலும் ஆண்டின் கடைசி மாதங்களில் மாம்பழம். குயின்ஸ்லாந்தின் டல்லி, இன்னிஸ்ஃபெயில் பக்கம் ஆண்டு முழுக்க வாழைத்தார் சுமக்கலாம். போவனில் தக்காளி, பண்டபெர்க்கில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மில்டுராவில் திராட்சை, டாஸ்மேனியாவில் செர்ரி. நியூ சவுத் வேல்ஸின் வுல்கூல்கா வட்டாரத்தில் பஞ்சாபிலிருந்து வந்து தலைமுறைகளாக வேரூன்றிய சீக்கியக் குடும்பங்களின் புளூபெர்ரித் தோட்டங்களே ஏராளம்.

நாள் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தத் தொழிலில் முழுநேர ஊழியர் செய்யும் அளவுக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து வேலை செய்தால், வார விடுமுறையும் சேர்ந்து ஏழு நாளாக எண்ணப்படும். அங்கே இரண்டு நாள், இங்கே மூன்று நாள் என்று துண்டு துண்டாகச் செய்தால், உண்மையில் வேலை செய்த முழு நாள்கள் மட்டுமே சேரும். மழையால் அறுவடை நின்ற நாள் சேராது. ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் பார்த்தாலும் அது ஒரு நாள்தான். பண்ணை வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் சேராது. பண்ணை வேலை என்றால் பயிரோடோ கால்நடையோடோ நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். சோறும் படுக்கையும் மட்டும் பெற்றுக்கொண்டு சம்பளமில்லாமல் உழைத்த நாள்கள் 2015 டிசம்பரிலிருந்து ஏற்கப்படுவதில்லை.

இந்தியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹாஸ்டலில் உடன் தங்கியிருப்பவர் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் 417 விசாவுக்குரியது. இரண்டு விசாக்களுக்கும் வேலைப் பட்டியலும் அஞ்சல் குறியீட்டுப் பட்டியலும் வேறு வேறு. சுரங்க வேலை 417க்குக் கணக்கில் வரும், 462க்கு வராது. எனவே வேலைக்குச் சேருமுன் பண்ணையின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு, அரசின் 462 பட்டியலில் தேடிப் பார்த்துவிடுவதே பாதுகாப்பு. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டால் உழைத்த நாள்கள் வீண்.

கூலி விஷயம் இதைவிட முக்கியம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட் என்பார்களே, அதுபோலப் பறிக்கும் பழத்தின் எடைக்கோ, நிரப்பும் பெட்டிக்கோ கூலி கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். காய்ப்பு குறைந்த வரிசையில் நிற்கும் புதியவருக்கு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தும் அறை வாடகைக்குக்கூடத் தேறாது. தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், கூலி விதிகளைத் தீர்மானிக்கும் ஃபேர் வொர்க் கமிஷன் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 28 முதல், பெட்டிக் கணக்கில் வேலை செய்தாலும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. முதலாளி வேலை நேரத்தைப் பதிந்தாக வேண்டும். நிரந்தரமில்லாத ஊழியர் என்றால் அடிப்படைக் கூலிக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் உண்டு. வருமான வரி, 45,000 டாலர் வரை முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலி குறைந்தால் வேறிடம் போய்விடும் சுதந்திரம் உள்ளவருக்கே அது முழுதாகப் பயன்படும். அறுபதாவது நாளில் நிற்கும் ஒருவர், மீதி 28 நாளுக்கு இன்னொரு தோட்டம் கிடைக்குமா என்ற பயத்தில் வாய் திறப்பதில்லை. அடுத்த விசாவுக்குத் தேவையான சான்று தோட்டக்காரரின் கையிலோ, இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரரின் கையிலோ இருக்கிறது. வேலை பிடித்துத் தரும் ஹாஸ்டல்காரர், வேலை தராத வாரத்துக்கும் வாடகை வாங்கிக்கொள்வதுண்டு. 417 விசாக்காரர்களிடம், பணியிடச் சட்டங்களைக் கண்காணிக்கும் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகப் பெற்றதாக 35 சதவீதத்தினரும், செய்த வேலைக்குப் பகுதியாகவோ முழுதாகவோ கூலியே வரவில்லை என்று 28 சதவீதத்தினரும் சொன்னார்கள். வேலை நாள்களுக்குக் கையெழுத்து வாங்கவே பணம் கொடுத்ததாக 6 சதவீதத்தினர் கூறினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில், 88 நாளை முடிப்பதற்காகக் குயின்ஸ்லாந்தின் ஹோம் ஹில் ஊர் ஹாஸ்டலில் தங்கியிருந்த மியா அய்லிஃப் சங் என்ற பிரிட்டிஷ் இளம்பெண், உடன் தங்கியிருந்தவரால் கொல்லப்பட்டார். காப்பாற்ற முயன்ற டாம் ஜாக்சனும் உயிரிழந்தார். இப்படி அனுப்பப்படும் இளைஞர்களின் தங்குமிடத்தையும் வேலையிடத்தையும் அரசு கண்காணிக்க வேண்டும் என்று மியாவின் தாய் ரோஸி அய்லிஃப் பல ஆண்டுகள் போராடினார்.

2024 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பண்ணை நிபந்தனை நீக்கப்பட்டது. வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில் அவர்கள் மூன்று விசாவும் நேரே பெறலாம். இந்தியர்களுக்கு 1,000 இடம் கிடைத்ததும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தால்தான். ஆனால் 88 நாள் அப்படியே நிற்கிறது. ஒரு நாட்டவருக்குத் தேவையில்லை என்று முடிவான நிபந்தனை இன்னொரு நாட்டவருக்கு மட்டும் எப்படி நியாயமாகும்? தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆளை நல்ல கூலியால் ஈர்க்க வேண்டுமே தவிர, விசாவைப் பணயமாக வைத்து அல்ல. அடுத்த பேச்சுவார்த்தையில் இந்தியா இதைக் கேட்டே ஆக வேண்டும்.

அதுவரை போகிறவர்கள் தங்கள் கையில் சான்று சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது அங்கே சட்டம். கூலியை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். முதலாளியின் தொழில் பதிவு எண்ணை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துப் பொய்ச் சான்று வாங்கினால் விசா மறுக்கப்படும், மூன்றாண்டுத் தடையும் வரலாம். விசாவைக் காட்டி மிரட்டி, அதன் நிபந்தனைகளை மீறி வேலை வாங்குவது 2024 ஜூலை முதல் முதலாளிக்குக் குற்றம். கூலி பாக்கியை ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் 131 450ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக அந்த அலுவலகத்தோடு பேசலாம்.